பாம்பனில் எரிந்த பதினொரு செல்கள்

மின்சாரக் காரில் ராமேஸ்வரம் போய்வர முடியுமா, வழியில் சார்ஜ் கிடைக்குமா என்று இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடியும், கிடைக்கும். அதை விவரமாக எழுதலாம் என்றுதான் குறிப்பெடுத்துக்கொண்டே போனேன். போன இடத்தில் வேறொன்று நடந்துவிட்டது. அதனால் வழி, நேரம், செலவோடு அதையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

முதலில், ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பேட்டரி நிறுவனத்தில் செல் வடிவமைப்பு என் வேலை. மின்சார வண்டிகளில் இதுவரை பெரும்பாலும் கட்டைவிரல் பருமனுள்ள உருளைச் செல்களைத்தான் நூற்றுக்கணக்கில் அடுக்குவார்கள். நாங்கள் செய்வது புதிய வகை. நாற்பத்தாறு மில்லிமீட்டர் குறுக்களவு, எண்பது மில்லிமீட்டர் உயரம். சின்ன டம்ளர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செல்லாக இருந்தாலும் உள்ளே மெல்லிய உலோகத் தாள்களைப் பாய் போலச் சுருட்டியிருக்கும். பழைய செல்லில் அந்தச் சுருளிலிருந்து மின்சாரம் வெளியே வர ஒரே ஒரு பட்டைதான். கூட்டம் நிறைந்த கல்யாண மண்டபத்துக்கு ஒற்றை வாசல் வைத்த மாதிரி, நெரிசலில் சூடு ஏறும். புதியதில் பட்டையே கிடையாது. சுருளின் விளிம்பு முழுவதையும் மடித்து மேல்தகட்டோடு ஒட்டிவிடுகிறோம். நீளம் முழுக்க வாசல்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு முனைகளும் செல்லின் மேல்பக்கத்திலேயே இருக்கும். நடுவில் பொத்தான், சுற்றிலும் விளிம்பு, இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி. அடிப்பக்கம் காலியாகிவிடுவதால், உள்ளே அழுத்தம் மிஞ்சினால் செல் கீழ்ப்பக்கம் திறந்துகொள்ளும். தீ தரையைப் பார்த்துப் போகும், பயணியைப் பார்த்து வராது. எங்கள் செல்லில் இப்படி வைக்கவேண்டும் என்று கூட்டங்களில் மூன்று மாதம் வாதாடியவள் நான்தான்.

இந்தச் செல்களைப் போட்ட ஆறு ஆட்டோக்கள் எட்டு மாதமாக ராமேஸ்வரம் தீவில் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டியும் தன் சூட்டையும் சார்ஜையும் எங்கள் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் கோடுகளாகப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரு வண்டியில் பயணியாக ஏறி உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசை. மூன்று நாள் லீவு போட்டேன்.

ஆடி அமாவாசைக் கூட்டம் வடியட்டும் என்று மறுநாள் காலை 5.10க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக மதுரைச் சுற்றுச்சாலை 218 கிலோமீட்டர். 9.20க்கு அங்கே ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போட்டுவிட்டு இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். ஐம்பது நிமிடத்தில் 21 யூனிட் ஏறியது. வரியோடு 446 ரூபாய். பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் பைபாஸ் வந்தபோது மணி 12.15. அங்கே அரை மணி நேரம் இன்னொரு சார்ஜ். கட்டாயமில்லை. ஆனால் ஆடிக் காற்றில் உச்சிப்புளி தாண்டியதும் கார் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குடிக்கும், அதனால் போட்டுக்கொள்வது நல்லது. பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். எல்லோரும் எடுக்கிறார்கள், எனக்கும் தெரியும். பக்கவாட்டுக் காற்றில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. 2.30க்கு ராமேஸ்வரம். லாட்ஜ் 1,400 ரூபாய், ஏசி அறை, சுமாரான சுத்தம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கிளம்புவதற்கு முன்பே, நான்காம் எண் ஆட்டோவின் கோடு அமாவாசை அன்று மதியத்தோடு நின்றுபோயிருந்ததைப் பார்த்தேன். தனுஷ்கோடி சாலையில் டவர் கிடைக்காது, வழக்கமான விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்த வண்டியின் ஓட்டுநர் செய்யதுவின் எண் அலுவலகப் பட்டியலில் இருந்தது. லாட்ஜிலிருந்து கூப்பிட்டு, நான் யார் என்று சொல்லாமல், மறுநாள் காலை தனுஷ்கோடி போய்வர 900 ரூபாய் பேசிக்கொண்டேன்.

காலை 7.30க்கு வந்தார். நாற்பது வயதிருக்கும்; துபாயில் ஒன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆனால் அவர் கொண்டுவந்தது எங்கள் ஆட்டோ இல்லை, கேஸ் ஆட்டோ.

"மச்சான் வண்டி மேடம். நம்ம வண்டி வீட்டுல கெடக்கு. ஏறுங்க, இதுவும் நல்லாத்தான் ஓடும்," என்றார்.

ஏமாற்றமாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல் ஏறினேன். ஊர் எல்லை தாண்டி இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு வந்தபோது, வீட்டில் இருக்கும் வண்டி எப்படி என்று பேச்சுக் கொடுத்தேன்.

"தங்கமான வண்டி மேடம். பாலத்து ஏத்தத்துல எட்டுப் பேரை வச்சுக்கிட்டு ஏறுனாலும் மூச்சு வாங்காது. பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தா சூடே இருக்காது." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அமாவாசை அன்னைக்குத்தான் ஒரு கூத்தாயிப்போச்சு. ஒரு குடும்பம், மணல்ல கொஞ்சம் எறக்கி விடுங்கன்னுச்சு. எறக்குனேன். ஆம்பளைக் கடல்ல தண்ணி ஏறுன வேகம் இருக்கே! சீட்டு வரைக்கும் வந்துருச்சு. கயிறு கட்டி இழுக்க முக்கா மணி நேரம் ஆச்சு."

தென்பக்கத்துக் கொந்தளிப்பான கடலைத்தான் அங்கே ஆண் கடல் என்கிறார்கள். நான் முன்னால் சாய்ந்து கேட்டேன்.

"அப்புறம்?"

"நல்ல தண்ணியில ரெண்டு தடவை கழுவி, நேத்து முழுக்க வெயில்ல போட்டுக் காய வச்சேன். விடியக்காலையில பார்த்தா பச்சை லைட்டு எரியுது! அல்ஹம்துலில்லாஹ்னு சார்ஜைப் போட்டுட்டு வாரேன்."

"எங்கே போட்டிருக்கீங்க?"

"வீட்டோட ஒட்டுன கொட்டகையிலதான்."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தாமல், வாந்தி வருகிறதா என்று கேட்டார். "செய்யது பாய், அந்த பேட்டரியைச் செஞ்ச கம்பெனியிலதான் நான் வேலை பார்க்கிறேன். அதுல இருக்கிற செல் நான் வடிவமைச்சது. அது இப்போ தீப்பிடிக்கலாம். வீட்டுக்கு போன் போடுங்க," என்றேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போனை எடுத்தார். கடல் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. செல்லின் மேல்பக்கத்தில், அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் உப்பு படிந்தால், ஈரம் பட்டதும் மின்சாரம் அதன் வழியே குறுக்கே ஓடத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் சூடேற்றும். அதன்மேல் சார்ஜும் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவரிடம் விளக்க அப்போது நேரமில்லை.

அவர் மனைவி ஆயிஷா இரண்டாவது அழைப்பில் எடுத்தார். போனை நான் வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, கொட்டகைப் பக்கம் ஏதாவது வாசம் வருதா?"

"நீங்க யாரு? ஆமா, நகப்பாலிஷ் மாதிரி ஒரு வாசம் வருது. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க போடுதுன்னு நெனச்சேன்."

செல்லுக்குள் இருக்கும் திரவத்தின் வாசம் அது. ஏதோ ஒரு செல் ஏற்கெனவே கசியத் தொடங்கிவிட்டது. ஆட்டோ பக்கமே போகவேண்டாம், மீட்டர் பெட்டியில் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள் என்றேன். அப்போதுதான் மாமனாரைப் பற்றிச் சொன்னார்.

"மாமா படுத்த படுக்கையா இருக்காரு. கொட்டகையை ஒட்டுன ரூம்புலதான். நான் ஒத்த ஆளு."

"ஆளுங்களைக் கூப்பிடுங்க. கட்டிலோட தூக்குங்க," என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டது. அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், நம்முடைய சிக்னல் போய், இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வரும். எல்லோரும் அதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். எனக்கும் வந்தது. செய்யது அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டிருந்தார்.

அங்கிருந்து பாம்பனில் அவர் வீடு 21 கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடத்தில் போனோம். ராமேஸ்வரம் அருகே சிக்னல் வந்ததும் தீயணைப்பு நிலையத்தை 101ல் அழைத்து முகவரி சொன்னேன். செல் வகை என்ன, நிறையத் தண்ணீர் வேண்டும் என்றும் சொன்னேன். செய்யது வழியெல்லாம் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார். "வெடிக்குமா?"

"வெடிகுண்டு மாதிரி வெடிக்காது. ஒவ்வொண்ணா எரியும்."

"எத்தனை இருக்கு உள்ள?"

"நூத்திப் பன்னிரண்டு."

அவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

நாங்கள் போனபோது பெரியவர் தெருவில், வேப்பமரத்தடியில், கட்டிலோடு இருந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் நான்கு பேரும் ஆயிஷாவும் தூக்கி வந்திருக்கிறார்கள். வாசலில் கட்டில் மாட்டிக்கொண்டதாம். ஒருக்களித்துத் திருப்பியதில் பெரியவரின் முழங்கை சிராய்த்திருந்தது. அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்து சலாம் சொன்னார்.

கொட்டகை பனையோலை வேய்ந்தது. ஆட்டோவின் பின்பக்கத்தில் இருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவ்வப்போது டப் என்று ஒரு சத்தம். தீயணைப்பு வண்டி வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். ஓலை பற்றினால் வீடு மட்டுமல்ல, காற்று அடிக்கும் பக்கம் வரிசையாக இன்னும் மூன்று வீடுகள்.

இனி எழுதப்போவதை யாரும் செய்யாதீர்கள். எரியப்போகும் பேட்டரிக்கு அருகே போகக்கூடாது என்பதுதான் சரியான விதி. அதை நானே பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் ஆட்டோவைப் பின்பக்கமாக உள்ளே விட்டிருந்ததால் முன் சக்கரம் வாசலில் இருந்தது. பேட்டரி பயணி இருக்கைக்கு அடியில். செல்கள் கீழ்நோக்கித் திறக்கும், பெட்டியின் புகைவழி பின்புறம். காற்றும் முன்னாலிருந்து பின்னால் வீசிக்கொண்டிருந்தது. கணக்குப்படி முன் சக்கரத்துக்குப் போய்வர முடியும். என் கணக்கை நம்பி இன்னொருவரைத் தனியாக அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

"கயிறு இருக்கா?" என்று கேட்டேன். பாம்பனில் கேட்கவேண்டிய கேள்வியா அது. வள்ளம் இழுக்கும் கயிறு ஒன்று அரை நிமிடத்தில் வந்தது.

செய்யதுவும் நானும் போனோம். அவர் முன் சக்கரத் தண்டில் முடிச்சுப் போட்டார். நான் பக்கத்தில் குனிந்து புகையின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை, வெள்ளை, ஒரு இழை சாம்பல். "வாங்க!" என்று கத்தினேன். சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த கல்லைக் காலால் எத்திவிட்டு அவர் ஓடிவந்தார். பதினைந்து பேர் இருக்கும், வள்ளம் இழுப்பதுபோல ஏலேலோ போட்டு இழுத்தார்கள். சார்ஜர் வயர் பிய்ந்துகொண்டு வந்தது. தெருவைத் தாண்டி வெட்ட வெளி மணலுக்கு, ஏறக்குறைய நாற்பது மீட்டர், ஆட்டோ வந்து சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் செல் தீயோடு திறந்தது.

சோதனைக்கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மணலில் பார்ப்பது வேறு. வெல்டிங் சுடர் போல நேர் கீழே சீறியது. நான்கு நொடி. நின்றது. யாரோ கைதட்டினார்கள், முடிந்துவிட்டது என்று நினைத்து. ஒரு செல் எரிந்தால் பக்கத்துச் செல்லுக்குப் பரவாது. எங்கள் வடிவமைப்பின் பெரிய பெருமையே அதுதான். நானும் முடிந்துவிடும் என்றுதான் நின்றேன். இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. தீயணைப்பு வீரர்கள் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் தண்ணீர் அடித்தார்கள். மொத்தம் பதினொன்று எரிந்தன, நூற்றியொன்று நின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பற்றவில்லை, உப்பு பட்ட ஒவ்வொன்றும் தானாகவே போனது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படித்தானா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

ஆட்டோவின் பின்பாதி கருகிப்போய் நின்றது. செய்யது அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆயிஷாதான் என்னிடம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, வண்டி குடுக்க வந்தவரு, தண்ணியில முங்குனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன். கடல் தண்ணி பட்டா சார்ஜ் போடாதேன்னு எங்கனயாச்சும் எழுதியிருக்கீங்களா?"

எழுதியிருக்கிறோம். கையேட்டின் பின்பகுதியில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். அதைச் சொன்னேன்.

"அதை யாரு படிப்பா?" என்றார்.

தண்ணீரில் மூழ்கும் சோதனையை நாங்கள் செய்தது உண்மை. புத்தம் புதுப் பெட்டியில், நல்ல தண்ணீரில். எட்டு மாதம் உப்புக் காற்றில் ஓடிய பெட்டியைக் கடலில் இறக்கிப் பார்க்கவில்லை. அதைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட. இதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அங்கிருந்தே எங்கள் மேலாளரை அழைத்து மற்ற ஐந்து வண்டிகளையும் உடனே நிறுத்தச் சொன்னேன். "ஒருத்தர் கடலுக்குள்ள இறக்குனதுக்கு எல்லாத்தையும் எதுக்கு நிறுத்தணும் கவிதா? அது அவரோட தப்பு," என்றார். அது அவர் தப்பாக இருக்கலாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று மதியமும் மறுநாள் காலையும் செய்யதுவே மச்சானின் ஆட்டோவில் என்னை மற்ற ஐந்து ஓட்டுநர்களிடமும் கூட்டிப்போனார். வாடகை வாங்கமாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். கையுறை போட்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன். அந்த வண்டிகள் எதுவும் கடலில் இறங்கியதில்லை. ஆனாலும் இரண்டு பெட்டிகளின் மூடி ரப்பர் சுருங்கிப் போயிருந்தது. உள்ளே, பொத்தானுக்கும் விளிம்புக்கும் இடையில், நான் போராடி வாங்கிய அந்த இடைவெளியில், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மேலாளரே திரும்ப அழைத்தார். "நிறுத்திரலாம்," என்றார். ஐந்து வண்டிகளும் அன்றே நின்றன.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. இப்போது பொத்தானைச் சுற்றிப் பிசின் ஊற்றி இடைவெளியை அடைக்கிறோம். பெட்டிக்குள் மின்கசிவு தெரிந்தால் சார்ஜ் ஏறாதபடி பூட்டு வைத்திருக்கிறோம். சார்ஜ் போடும் துளைக்கு மேலே தமிழில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. நாங்கள் எழுதிய வாசகம் மூன்று வரி நீளமாக இருந்தது. ஆயிஷாவுக்கு அனுப்பிக் கேட்டேன். அவர் திருத்தி அனுப்பியது இது: "கடல் தண்ணி பட்டுச்சா? சார்ஜ் போடாதே. வெளியில நிறுத்து. போன் பண்ணு." அப்படியே அச்சடித்தோம். செய்யதுவுக்குப் புது வண்டி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதை வேப்பமரத்தடியில்தான் நிறுத்துகிறாராம். கொட்டகையில் இப்போது ஆடு கட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால்: ராமநாதபுரத்தில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் ஏற்றிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி முனை வரை தார்ச்சாலை நன்றாக இருக்கிறது. மணலில் மட்டும் எந்த வண்டியையும் இறக்காதீர்கள், ஓட்டுநரையும் இறக்கச் சொல்லாதீர்கள். மாலை ஐந்துக்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போவது நல்லது. ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் பேட்டரி உப்புத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் கழுவுவதோ காயவைப்பதோ உதவாது. பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள். வீட்டிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டுத் தயாரித்தவர்களைக் கூப்பிடுங்கள். நகப்பாலிஷ் வாசம் வந்தால் ஆட்கள் வெளியேறுவதுதான் முதல் வேலை.

திரும்பும்போது பரமக்குடியில் சார்ஜ் போட்டேன். பக்கத்தில் புதிதாக மின்சாரக் கார் வாங்கிய ஒருவர், கையில் டீ டம்ளரோடு வந்து, "மேடம், மழையில நனைஞ்சா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதினாறு வருடமாக ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: ஒன்றும் ஆகாது. அன்று, "எந்தத் தண்ணி, எவ்வளவு நேரம், எத்தனை வருஷத்துப் பெட்டி?" என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவர் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மனிதர் நகரவில்லை.